ஊர் சேராத ஊராட்சி

டொரொண்டோவில் இருக்கும் ஒருவர் கேட்டது: "சஸ்காச்சுவான் மாகாணத்தில் வால் மேரி என்று ஒரு ரூரல் முனிசிபாலிட்டி இருக்கிறது. பரப்பு 3,100 சதுர கிலோமீட்டர், மக்கள் நானூறு சொச்சம். இத்தனை பேருக்கு ஒரு நகராட்சி, அதற்குத் தலைவர், கவுன்சில், ஆபீஸ் எல்லாம் எதற்கு? பக்கத்தில் இருப்பதோடு இணைத்துவிட்டால் செலவு மிச்சம்தானே? அந்த வெட்டவெளியில் அப்படி என்னதான் இருக்கிறது? நிலம் மலிவு என்கிறார்கள், வாங்கிப் போடலாமா?"

நான் ரெஜைனாவில் இருந்துகொண்டு நில அளவைக் குழு ஒன்றில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன். மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், அமெரிக்க எல்லையை ஒட்டிய அந்த மேய்ச்சல் பூமியில் பல கோடைகள் கழித்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் 'நகராட்சி' என்ற சொல்லை ஒதுக்கிவிடலாம், பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது. அங்கே யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, ஆர்.எம். என்பார்கள். ஊராட்சி என்று சொல்லலாமா என்றால் அதுவும் பொருந்தாது, ஏனென்றால் ஊர் அதில் சேராது. சஸ்காச்சுவானில் கிராமம், டவுன், சிட்டி ஒவ்வொன்றும் சட்டப்படி தனித்தனி உள்ளாட்சி. அவற்றையெல்லாம் வெட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற நிலம்தான் ஆர்.எம். ஏழெட்டு வீடுகள் சேர்ந்த சிறு குடியிருப்புகள் மட்டும் அதற்குள் வரும். வால் மேரி என்ற கிராமத்தில் சுமார் 130 பேர் இருக்கிறார்கள், அதற்கு மேயரும் கவுன்சிலும் உண்டு. அதைச் சுற்றியுள்ள வால் மேரி ஆர்.எம். வேறு கணக்கு. கிராமம் வடையின் நடுவில் உள்ள ஓட்டை என்றால் ஆர்.எம். வடை. ஆர்.எம்.மின் ஆபீஸ் இருப்பது அந்த ஓட்டைக்குள், அதாவது தன் எல்லைக்கு வெளியே. மாகாணம் முழுக்கப் பல ஆர்.எம்.களின் நிலைமை இதுதான்.

அந்த நானூறு சொச்சம் பேரும் ஒரே இடத்தில் இல்லை. ஒரு ராஞ்ச் (பெரிய மாட்டுப் பண்ணை) வீட்டிலிருந்து அடுத்த ராஞ்ச் வீட்டுக்குப் பல மைல் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், ஐந்து டொரொண்டோ அளவு நிலத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்து மக்கள். ஏழு சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒருவர். இதைவிடக் குறைவான இடமும் அருகிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பக்கத்தில் கிளென் மெக்ஃபர்சன் என்ற ஆர்.எம். இருக்கிறது, சுமார் 850 சதுர கிலோமீட்டர். 2016 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 72 பேர்.

இதெல்லாம் ஏன் இப்படி அமைந்தது என்றால் நில அளவையிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பிரதேசத்தில் குடியேறிகள் வருமுன்னே கோடு வந்துவிட்டது. 1870களில் தொடங்கி கனடா அரசு புல்வெளி முழுவதையும் சதுரம் சதுரமாகப் போட்டது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர், அதுதான் ஒரு குவார்ட்டர். இன்றும் அங்கே நிலத்தைப் பற்றிப் பேசுவது குவார்ட்டர் கணக்கில்தான். "நான் இரண்டு குவார்ட்டர் வாங்கினேன்" என்பார்களே தவிர ஏக்கர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முகவரியும் அப்படியே: வடகிழக்குக் குவார்ட்டர், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 3, ரேஞ்ச் 12 (டவுன்ஷிப்களின் நெடுவரிசை எண்), மூன்றாவது மெரிடியனுக்கு (அளவைக்கு அடிப்படையான தீர்க்கக் கோட்டுக்கு) மேற்கே. தெருப் பெயர் தேவையில்லை. இதை வைத்து ஒரு வேலிக் கம்பம் எங்கே நிற்கிறது என்பது வரை போய்விடலாம்.

டவுன்ஷிப்கள் ஒன்பது, மூன்றுக்கு மூன்றாக, சேர்ந்தால் ஒரு ஆர்.எம். அதுதான் வழக்கமான அளவு, 18 மைலுக்கு 18 மைல். இப்போது மாகாணத்தில் 296 ஆர்.எம்.கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயரோடு ஒரு எண்ணும் உண்டு. தென்கிழக்கு மூலையில் 1, அங்கிருந்து மேற்கே 2, 3, 4 என்று போகும். அடுத்த வரிசை மறுபடி கிழக்கு எல்லையில் 31, அதற்கு மேல் 61, பிறகு 91. எண்ணைச் சொன்னாலே மாகாணத்தில் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரிந்துவிடும். வால் மேரியின் எண் 17. முதல் வரிசையை எண்ணிக்கொண்டு போனால் 12 வரை ஒழுங்காக வரும், அடுத்தது நேரே 17. 13 முதல் 16 வரை ஆர்.எம். இல்லை. அந்த எல்லையோர நிலம் பக்கத்து ஆர்.எம்.களுக்குள் அடங்கிவிட்டது. வால் மேரி வழக்கமான 840 சதுர கிலோமீட்டராக இல்லாமல் அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். தனித்தனி ஆர்.எம். வைத்து நடத்த ஆள் போதாத பூமி அது. நீங்கள் கேட்கும் இணைப்பு ஒரு விதத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

சரி, இவ்வளவு பெரிய வெறும் நிலத்துக்கு நிர்வாகம் எதற்கு? ஒரே வார்த்தையில் சொன்னால், சாலைக்கு.

அளவை போட்டவர்கள் சதுரங்களுக்கு நடுவே 66 அடி அகலத்துக்குச் சாலைக்கென்று நிலம் விட்டார்கள். வடக்கு தெற்காக ஒவ்வொரு மைலுக்கும் ஒன்று, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. வழக்கமான அளவுள்ள ஒரு ஆர்.எம்.முக்குக் கூட்டிப் பாருங்கள், 480 மைலுக்கு மேல் வரும், கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர். எல்லாவற்றிலும் சாலை போடவில்லை. வால் மேரி மாதிரி மேய்ச்சல் பூமியில் பாதி வெறும் புல்லாகவே கிடக்கும், மாடு மேயும். ஆனாலும் மாகாணம் முழுக்க ஆர்.எம்.கள் பராமரிக்கும் சாலை 1,60,000 கிலோமீட்டருக்கு மேல். மாகாண அரசின் நெடுஞ்சாலை சுமார் 26,000 கிலோமீட்டர்தான். சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர் மட்டுமே உள்ள ஒரு மாகாணத்துக்கு இது.

இந்தச் சாலைகளை கிரிட் ரோடு என்பார்கள், பெரும்பாலும் கிராவல், அதாவது சரளைக்கல். நேர்கோடாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு இடத்தில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கி மறுபடி நேராகும். புதிதாக ஓட்டுகிறவர்கள் இரவில் இங்கேதான் பள்ளத்தில் இறங்குவார்கள். காரணம் பூமி உருண்டை. வடக்கே போகப் போக தீர்க்கக் கோடுகள் நெருங்கிக்கொண்டே வரும், சதுரம் சதுரமாகவே இருக்க வேண்டுமென்றால் எங்காவது திருத்தியாக வேண்டும். 24 மைலுக்கு ஒரு திருத்தக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்த வளைவில் நிற்கும்போதெல்லாம் பூமியின் வளைவைக் கண்ணால் பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

கிராவல் சாலையை அப்படியே விட்டுவிட முடியாது. மழைக்குப் பிறகு கிரேடர் என்ற இயந்திரத்தை ஓட்டிச் சமப்படுத்த வேண்டும், குளிர்காலத்தில் பனி தள்ள வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கிராவல் கொட்ட வேண்டும், சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயை, கல்வர்ட்டை, மாற்ற வேண்டும். கிராவல் இல்லாத மண் சாலைகளில் கம்போ என்று ஒரு களிமண் உண்டு. காய்ந்திருந்தால் சிமென்ட் மாதிரி இருக்கும். கால் அங்குலம் மழை பெய்தால் போதும், சக்கரத்தில் ஒட்டி ஒட்டி மட்கார்டு வரை ஏறி வண்டியை நிறுத்திவிடும். ஒரு ஜூன் மாதம் நாங்கள் அப்படி மாட்டிக்கொண்டோம். நாலு மணி நேரம் கழித்து ஒரு ராஞ்ச்காரர் டிராக்டரோடு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. காலையில் எங்கள் வண்டி உள்ளே போனதைப் பார்த்திருக்கிறார், மழைக்குப் பிறகு வெளியே வரவில்லை என்று கவனித்திருக்கிறார். "மத்தியானம் வரை பார்த்தேன், அப்புறம் வந்துவிட்டேன்" என்றார். ஏழு சதுர கிலோமீட்டருக்கு ஒருவர் என்ற கணக்கு இதையும் உள்ளடக்கியது. அங்கே ஒரு வண்டி போனால் அது ஒரு செய்தி.

தலைவரும் கவுன்சிலும் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். தலைவருக்குப் பெயர் ரீவ். ஆர்.எம். டிவிஷன்களாகப் பிரிந்திருக்கும், பெரும்பாலும் ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சிலர். அவர்கள் எல்லாரும் மாடு வளர்ப்பவர்கள், பயிர் செய்பவர்கள். மாதம் ஒருமுறை கூடுவார்கள், அந்த ஒரு நாளுக்கும் பயணத்துக்கும் கொஞ்சம் பணம் கிடைக்கும், அவ்வளவுதான். முழு நேர வேலை பார்ப்பவர் அட்மினிஸ்ட்ரேட்டர் ஒருவர். கணக்கு, வரி ரசீது, சட்ட விதி, தேர்தல், தொலைபேசி எல்லாம் அவர் மேசைதான். அப்புறம் கிரேடர் ஓட்டுநர்கள். சம்பளம் வாங்கும் ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வாக்குரிமையில் ஒரு விசேஷம் உண்டு. ஆர்.எம்.மில் குடியிருந்தால்தான் வாக்கு என்பதில்லை, வரி விதிக்கப்படும் நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் வாக்கு உண்டு. ஏனென்றால் வருமானம் நிலத்தின் மேல்தான். பயிர் நிலமென்றால் மண்ணின் விளைதிறனை வைத்து மதிப்பு, மேய்ச்சலென்றால் எத்தனை மாட்டைத் தாங்கும் என்பதை வைத்து மதிப்பு. மேய்ச்சல் நிலத்தின் மதிப்பு குறைவு, ஆகவே வரியும் குறைவு. சாலையோ அதே நீளம். வால் மேரி மாதிரி இடங்களின் நிதி நெருக்கடி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

சாலையைத் தவிர வேறு என்ன? களை ஒழிப்பு ஒரு பெரிய வேலை. லீஃபி ஸ்பர்ஜ் என்ற ஒரு களை புல்வெளிக்குள் வந்துவிட்டால் மாடு அதைத் தொடாது, மற்ற புல்லை அது வளரவும் விடாது. அதைத் தேடித் தேடி அடிக்க ஆள் வேண்டும். எலி ஒழிப்பு, தீயணைப்பு ஏற்பாடு, கனரக வண்டி போக அனுமதி, கட்டட அனுமதி, குப்பைக் கிடங்கு. புல் தீ பிடித்தால் காத்திருக்க நேரமிருக்காது. பக்கத்து ராஞ்ச்காரர்கள் பிக்அப்பில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு தாங்களே வந்துவிடுவார்கள்.

இப்போது இணைப்புக் கேள்வி. இதை நீங்கள் மட்டும் கேட்கவில்லை. பக்கத்து மானிட்டோபாவில் ஆயிரம் பேருக்குக் குறைவான உள்ளாட்சிகள் இணைந்தே ஆக வேண்டும் என்று 2013-இல் சட்டம் போட்டார்கள். 2015 ஜனவரி முதல் 197 உள்ளாட்சிகள் 137 ஆகிவிட்டன. சஸ்காச்சுவானில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அரசு அமைத்த குழு ஒன்று பெரிய அளவில் இணைக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. கிராமப்புறத்தில் எழுந்த எதிர்ப்பில் அரசு பின்வாங்கிவிட்டது. அந்த எதிர்ப்பு வெறும் பிடிவாதம் என்று பலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

இணைத்தால் என்ன மிச்சமாகும் என்று யோசித்துப் பாருங்கள். சாலை ஒரு மைல் கூடக் குறையாது. கிரேடர் ஓட வேண்டிய மணிக்கணக்கும் குறையாது. ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் சம்பளம் மிஞ்சலாம், ஒரு ஆபீஸ் வாடகை மிஞ்சலாம். ஆனால் இன்று கல்வர்ட் அடைத்துக்கொண்டால் அந்த டிவிஷன் கவுன்சிலரைச் சமையலறையிலேயே பிடித்துவிடலாம், அவருக்கும் அதே சாலைதான். அந்தக் கல்வர்ட்டைப் பார்க்காத ஒருவர் நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து வரிசைப் பட்டியல் போட்டால், மூன்று வீட்டுக்குப் போகும் சாலை எப்போதும் கடைசியில்தான் இருக்கும். எதிர்த்தவர்களின் பயம் இதுதான், அது நியாயமான பயம். 1993-இல் மாகாணம் 52 சிறு கிராமப்புற மருத்துவமனைகளை ஒரே மூச்சில் மூடியதையும் மாற்றியதையும் அவர்கள் பார்த்தவர்கள். பெரிதாக்கினால் சிக்கனம் என்ற வாதத்தின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தகுதியுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கிடைப்பது வருடா வருடம் கஷ்டமாகிக்கொண்டு போகிறது. போட்டியே இல்லாமல் கவுன்சிலர் தேர்வாவது சாதாரணம். இளையவர்கள் இல்லை. சில ஆர்.எம்.கள் கிராமத்தோடு ஆபீஸைப் பகிர்ந்துகொள்கின்றன, சில இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அவரவர் விருப்பத்தோடு நடக்கும் அந்தக் கூட்டு எனக்குச் சரியாகப் படுகிறது. மேலிருந்து கோடு அழிப்பது வேறு விஷயம்.

அடுத்தது, ஏன் இத்தனை குறைவான மக்கள்? "எல்லாரும் போய்விட்டார்கள்" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதைவிடச் சரியான பதில், தாங்க முடியாத அளவுக்கு ஆட்களை முதலில் கொண்டுவந்து இறக்கினார்கள் என்பதுதான்.

ஜான் பாலிசர் என்ற ஐரிஷ்காரர் 1857 முதல் 1860 வரை இந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெற்குப் புல்வெளி விவசாயத்துக்கு ஆகாத அளவு வறண்டது என்று எழுதி வைத்தார். இன்றும் அதற்குப் பாலிசர் முக்கோணம் என்றுதான் பெயர். 1880 வாக்கில், மழை நன்றாகப் பெய்த ஒரு காலத்தில் வந்த தாவரவியலாளர் ஜான் மேக்கூன் அதெல்லாம் இல்லை, அருமையான கோதுமை நிலம் என்றார். அரசுக்கு இரண்டாவது பதில்தான் வேண்டியிருந்தது. 1872 சட்டப்படி பத்து டாலர் கட்டணம் கட்டினால் ஒரு குவார்ட்டர், மூன்று வருடம் குடியிருந்து உழுது வீடு கட்டினால் சொந்தம். 1908-இல் வறண்ட தெற்குப் பகுதியையும் பெரிய அளவில் திறந்துவிட்டார்கள், பக்கத்துக் குவார்ட்டரை ஏக்கர் மூன்று டாலருக்கு வாங்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். சனம் வந்து குவிந்தது. வால் மேரி, அதாவது மேரியின் பள்ளத்தாக்கு என்று பிரெஞ்சில் பெயர் வைத்து, 1910 வாக்கில் ஒரு பாதிரியாரோடு வந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஃப்ரெஞ்ச்மேன் ஆற்றங்கரையில் குடியேறின.

அந்த நிலம் காலியாக இருந்ததா என்றால் இல்லை. எருமை (பைசன் என்ற காட்டெருமை) மந்தைகளோடு சேர்ந்து வாழ்ந்த மக்களின் பூமி அது. 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போருக்குப் பிறகு அமெரிக்கப் படையிடமிருந்து தப்பி, 1877-இல் லகோட்டா பழங்குடித் தலைவர் சிட்டிங் புல் தன் மக்களோடு எல்லை தாண்டி வந்து தங்கியது கிழக்கே வுட் மவுண்டன் பக்கத்தில்தான். கனடா அவர்களுக்கு நிலமும் கொடுக்கவில்லை, உணவும் கொடுக்கவில்லை. 1879 வாக்கில் எருமை தீர்ந்துபோனது. பசி தாங்காமல் 1881-இல் அவர் திரும்பிப் போய்ச் சரணடைந்தார். அவரோடு வந்தவர்களில் சில குடும்பங்கள் போகவில்லை, லகோட்டா மக்கள் இன்றும் வுட் மவுண்டனில் இருக்கிறார்கள். சதுரம் போட்ட வரைபடத்தில் இந்த வரலாறு தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வருடத்துக்கு 350 மில்லிமீட்டர் மழை கூட உறுதியில்லாத நிலத்தில் 160 ஏக்கர் என்பது ஒரு குடும்பத்துக்குப் போதவே போதாது. ஒரு பசுவும் கன்றும் மேய்வதற்கே முப்பது ஏக்கர் வரை வேண்டும் என்று ராஞ்ச்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு குவார்ட்டரில் ஐந்தாறு மாடு. 1915-இல் அமோக விளைச்சல், மாகாணச் சராசரி ஏக்கருக்கு 25 புஷல் (தானியம் அளக்கும் அளவு) கோதுமை. 1937-இல் 2.7 புஷல். விதைத்த விதை திரும்பி வந்தால் பெரிது. அந்த வருடம் ஜூலை 5-ஆம் தேதி மாகாணத்தின் தென்கிழக்கில் 45 டிகிரி வெயில், பல பத்தாண்டுகள் அதுதான் கனடாவின் உச்சம். உழுத மண் புழுதியாகக் கிளம்பிப் போய்விட்டது. மக்களும் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே போனார்கள். 1936-இல் மாகாணத்தில் சுமார் 1,42,000 பண்ணைகள். 2021-இல் சுமார் 34,000.

விட்டுப்போன நிலத்தில் அரசு 1935 முதல் ஒரு நல்ல வேலை செய்தது. மத்திய அரசின் புல்வெளிப் பண்ணை மறுசீரமைப்பு நிர்வாகம், பி.எஃப்.ஆர்.ஏ., உழுது பாழான நிலத்தைச் சேர்த்து வேலி போட்டுப் பொது மேய்ச்சல் நிலமாக்கியது. வால் மேரியிலும் ஒன்று. அக்கம்பக்கத்து ராஞ்ச்காரர்கள் கட்டணம் கட்டித் தங்கள் மாட்டை விட்டார்கள், மேற்பார்வைக்குக் குதிரையில் போகும் ஆட்கள் இருந்தார்கள். மண்ணைப் பிடித்து நிறுத்த சைபீரியாவிலிருந்து வந்த கிரெஸ்டட் வீட்கிராஸ் புல்லை விதைத்தார்கள். அது மண்ணைக் காப்பாற்றியது, ஆனால் இப்போது நாட்டுப் புல்லைத் தள்ளிக்கொண்டு பரவுகிறது. 2012-இல் மத்திய அரசு இந்த மேய்ச்சல் நிலங்களை நடத்துவதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. மாகாணத்தில் அறுபதுக்கு மேற்பட்டவை கை மாறின. அது ஒரு தவறு என்பது என் அழுத்தமான கருத்து. எண்பது வருட அனுபவத்தோடு நடந்துகொண்டிருந்த ஒன்றை ஒரு பட்ஜெட் வரியில் முடித்தார்கள்.

வெட்டவெளியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். சஸ்காச்சுவானில் ஆதியில் இருந்த புல்வெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உழப்படாமல் மிச்சமிருக்கிறது. அதில் பெரிய, முழுசான துண்டுகள் இருப்பது வால் மேரி மாதிரி 'ஆள் இல்லாத' ஆர்.எம்.களில்தான். கோதுமைக்கு ஆகாத நிலமாக இருந்ததால் தப்பித்தது.

நின்றுகொண்டு பார்த்தால் எல்லாம் ஒரே புல். முட்டி போட்டுப் பாருங்கள். புருவம் மாதிரி ஒரு பக்கமாக வளைந்த கதிரோடு புளூ கிராமா, ஊசியில் நூல் கோத்த மாதிரி விதையுள்ள நீடில் அண்ட் த்ரெட், நடுவே சாம்பல் நிற சேஜ் செடி. கசக்கினால் வரும் அந்த வாசனை எனக்கு இப்போது எழுதும்போதும் வருகிறது. மேலே ஒரு சாண் உயரம்தான், வேர் கீழே ஆள் உயரத்துக்கும் போகும். வறட்சியில் மேல் பாகம் காய்ந்தாலும் அடியில் உயிர் இருக்கும்.

கனடாவில் கருவால் பிரெய்ரி டாக் இயற்கையாக வாழ்வது ஃப்ரெஞ்ச்மேன் பள்ளத்தாக்கிலும் அதன் அக்கம்பக்கத்திலும் மட்டும். பெயரில்தான் நாய், அணில் குடும்பத்து விலங்கு. அது தோண்டும் வளையில் பாம்பு தங்கும், வளை ஆந்தை முட்டையிடும். பிரெய்ரி டாக்கையே தின்று வாழும் கருங்கால் ஃபெரெட், கீரி மாதிரி ஒரு சிறு விலங்கு, 1937-க்குப் பிறகு கனடாவில் இல்லாமல் போயிருந்தது. 2009-இல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். வறட்சியும் அடுத்த வருடமே பிரெய்ரி டாக்குகளிடம் கண்ட பிளேக் நோயும் சேர்ந்து அதை நிலைக்க விடவில்லை. எருமை நிலைத்தது. 2005 டிசம்பரில் ஆல்பர்ட்டாவின் எல்க் தீவுத் தேசியப் பூங்காவிலிருந்து 71 எருமைகள் வந்தன, இன்று சில நூறு. எனக்கு முதன்முதலில் கண்ணில் பட்டது ஒற்றைக் காளை ஒன்று, ஒரு பெரிய பாறையில் உரசிக்கொண்டு நின்றது. அந்தப் பாறையின் விளிம்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். ஆயிரக்கணக்கான வருடம் எருமைகள் உரசி உரசித் தேய்த்தது. நூற்றிருபது வருடம் யாரும் உரசாமல் காத்திருந்த பாறை.

இதெல்லாம் இருப்பது கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில். 1981-இல் முதல் ஒப்பந்தம், 1988-இல் இரண்டாவது, 2001-இல் சட்டப்படி பூங்கா. யாரையும் வெளியேற்றவில்லை, விற்க விரும்பிய ராஞ்ச்காரரிடம் மட்டும் வாங்கினார்கள். ஆனாலும் உரசல் இருந்தது. ஆரம்பத்தில் மாட்டை முழுக்க விலக்கினார்கள். மேய்ச்சல் இல்லாவிட்டால் புல்வெளி புல்வெளியாக இருக்காது என்று ராஞ்ச்காரர்கள் சொன்னதைப் பிறகு பூங்காவும் ஏற்றுக்கொண்டு மாட்டைத் திரும்ப விட்டது. 2013-இல் சேஜ் கிரவுஸ் பறவைக்காக மத்திய அரசு போட்ட அவசர ஆணையும் கோபத்தைக் கிளப்பியது. பறவை அழிவின் விளிம்பில் இருந்தது உண்மை. அது கடைசியாக உயிரோடிருந்த நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழாமல் வைத்திருந்தவர்களிடமே தடைப் பட்டியலோடு போனார்கள் என்பதும் உண்மை. இதில் என் மனம் ராஞ்ச்காரர்கள் பக்கம்தான் சாய்கிறது.

நிலம் வாங்கிப் போடலாமா? கனடாக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாதவர் சஸ்காச்சுவானில் பத்து ஏக்கருக்கு மேல் பண்ணை நிலம் வைத்திருக்க முடியாது. உங்களுக்கு அந்தத் தடை இருக்காது என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்கிப் பூட்டிப் போட அது மனை அல்ல. மேயாத புல் களைக்கும் தீக்கும் வழி விடும், வேலி விழும், தண்ணீருக்கு வெட்டிய டக்அவுட் குளம் தூர்ந்துபோகும். குத்தகைக்கு விட்டு மேய்க்க ஏற்பாடு செய்ய முடியுமென்றால் யோசியுங்கள். உழுது விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் தயவுசெய்து வேண்டாம், ஒருமுறை உழுத நாட்டுப் புல்லை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடிந்ததில்லை.

அதற்கு முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஸ்விஃப்ட் கரண்டில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு நாலாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். வானம் கறுத்தால் மண் சாலையில் இறங்காதீர்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள். கிராமத்தில் ஆர்.எம். ஆபீஸுக்குள் போய் ஆர்.எம். மேப் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு குவார்ட்டரிலும் அதன் சொந்தக்காரர் பெயர் அச்சிட்டிருக்கும். ஒரே பெயர் இருபது முப்பது சதுரங்களில் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் பார்க்க விரும்பும் நிலம் அதில் ஒன்றாக இருந்தால், அந்த வீட்டுக்கு முதலில் ஒரு போன் செய்துவிட்டு அப்புறம் வேலியைத் தாண்டுங்கள்.